உடனிருப்போரின் அறம்: நோய் தணிந்த முதுமையில் பெற்றோருக்காகப் பேசுதல்

புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருக்கும் காலத்தில், முதிய தாய்க்காகவோ தந்தைக்காகவோ மகனும் மகளும் மருத்துவரிடம் பேசுவது தமிழ்க் குடும்பங்களில் இயல்பான கடமையாகவே கருதப்படுகிறது. அதன் நியாயத்தை எவரும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. ஆயினும் ஒருவருடைய உடலைப் பற்றியும் அவருக்கு எஞ்சியுள்ள வாழ்நாளைப் பற்றியும் மற்றொருவர் பேசுவதற்கான உரிமை எங்கிருந்து பிறக்கிறது, அது எந்த எல்லைவரை செல்லும், எந்த இடத்தில் அன்பு அதிகாரமாகத் திரிந்துவிடுகிறது என்பவை சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்விகளின் நீட்சியே ஆகும். பெற்றோரின் குரல் மருத்துவரின் செவியை எட்டுவதற்குத் துணைநிற்பதே பிள்ளைகளின் அறம் என்பதும், அந்தக் குரலின் இடத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்போது அந்த அறம் பிழைபடுகிறது என்பதும், நோய் தணிந்திருக்கும் காலமே இந்த வேறுபாட்டை உணர்ந்து பழகுவதற்கு ஏற்ற காலம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தணிவு என்னும் இடைநிலை

சிகிச்சைக்குப் பின் புற்றுநோயின் அடையாளங்கள் குறைந்தோ மறைந்தோ இருக்கும் நிலையையே மருத்துவர்கள் தணிவு என்று குறிக்கின்றனர். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியிருந்தால் அது பகுதித் தணிவு. உடற்பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் நோயின் தடயம் எதுவும் தென்படாதிருந்தால் அது முழுத் தணிவு. முழுத் தணிவு அடைந்தவரையும் முற்றாகக் குணமானவர் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஏனெனில் இன்றைய கருவிகளுக்கு அகப்படாத நுண்ணளவில் புற்றுநோய்ச் செல்கள் உடலில் தங்கியிருக்கக்கூடும். இதனால்தான் சிகிச்சை முடிந்த பின்னரும் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, சி.இ.ஏ. எனப்படும் இரத்தப் புரதத்தின் அளவை முதல் 2 ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் 5 ஆண்டு நிறையும்வரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும் பார்ப்பது பரவலான நடைமுறை. ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோயில் டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுகள் வரைகூடத் தொடர வேண்டியிருக்கும்.

தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், 1985இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரையில், நோயிலிருந்து பிழைத்திருத்தலை மூன்று பருவங்களாகப் பகுத்தார்: நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை நடைபெறும் பருவம், சிகிச்சை முடிந்து நோய் மீளுமோ என்ற அச்சத்துடன் காத்திருக்கும் பருவம், நோய் மீளும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்ட நிலைத்த பருவம். இவற்றுள் இரண்டாம் பருவமே மருத்துவத்தின் கவனத்திலிருந்து எளிதில் நழுவிவிடுவது. 2005இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையும், சிகிச்சையை முடித்தவர்கள் புற்றுநோய் மருத்துவருக்கும் பொது மருத்துவருக்கும் இடையில் தொலைந்துபோகிறார்கள் என்று சுட்டி, ஒவ்வொருவருக்கும் அவர் பெற்ற சிகிச்சையின் சுருக்கமும் இனிச் செய்ய வேண்டிய கண்காணிப்பின் திட்டமும் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்த இடைநிலைக்குள் ஓர் அறச்சிக்கல் பொதிந்திருக்கிறது. நோய் கண்டறியப்பட்ட முதல் நாள்களில், பெற்றவர் அச்சத்திலும் களைப்பிலும் தளர்ந்திருக்கையில், எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை, எவ்வளவு செலவு என்பனவற்றையெல்லாம் பிள்ளைகளே முடிவுசெய்ய நேர்கிறது. அப்போது அது உதவி, சில வேளைகளில் உயிர்காக்கும் உதவி. ஆனால் நெருக்கடியில் கைக்கு வந்த அதிகாரம் நெருக்கடி நீங்கியதும் தானாகத் திரும்பிப் போவதில்லை. தாய் மீண்டும் தன் சமையலறையையும் பூசையறையையும் கணக்கு வழக்குகளையும் கவனிக்கத் தொடங்கிய பிறகும், அவருடைய மருத்துவக் கோப்பு மகனிடமும், பரிசோதனை முடிவுகள் மருமகளின் கைப்பேசியிலும், அடுத்த முடிவு எல்லாருடைய கையிலும், அவர் கையில் மட்டும் இல்லாமலும் இருந்துவிடுகின்றன. தணிவுக் காலத்தில் பிள்ளைகள் எதிர்கொள்ள வேண்டிய முதல் அறக்கேள்வி, தம்மிடம் வந்து சேர்ந்தவற்றுள் எவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே.

மருத்துவத்தின் நான்காம் உறுப்பு

உடனிருந்து பேணுபவரை மருத்துவத்துக்குப் புறத்தே நிற்கும் உறவினராகக் கருதாமல், மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே கருதியது இந்திய மரபு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதை இயற்றுபவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்து நிறைவுறுகிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு தகுதிகளை எடுத்துரைக்கிறார்; நோயுற்றவர்பால் அன்பு, உள்ளமும் சொல்லும் உடலும் தூயனவாதல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு ஆகியவை உடனிருப்பவருக்கு உரியவை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்து 9ஆம் அத்தியாயமும் இதே நான்கு உறுப்புகளைக் கூறி, பணிவிடை பற்றிய அறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை ஆகிய நான்கையும் பணிவிடை செய்பவரின் பண்புகளாக வகுக்கிறது.

இப்பட்டியல்களில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நோயின் நிலையை மருத்துவருக்கு உணர்த்தும் வல்லமை என்பதைப் பரிமேலழகர் நோயுற்றவரின் தகுதிகளுள் ஒன்றாகவே வைக்கிறார். சரகரின் நூலும் நோயை எடுத்துரைக்கும் திறனை நோயாளியின் பண்பாகவே கூறுகிறது. உடனிருப்பவரின் தகுதிகளில் அது இடம்பெறவில்லை. பௌத்த மரபும் இதற்கு இசைந்தே செல்கிறது: அங்குத்தர நிகாயத்தில் பேணுவதற்கு எளியவரான நோயாளியின் ஐந்து இயல்புகள் கூறப்படும் இடத்தில், நோய் கூடும்போது கூடுகிறது என்றும் தணியும்போது தணிகிறது என்றும் நலம் நாடும் பணிவிடையாளரிடம் உள்ளது உள்ளபடி சொல்வது அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. வயிற்றுப்போக்கால் தளர்ந்து, பேணுவாரின்றிக் கிடந்த துறவி ஒருவரைப் புத்தர் ஆனந்தருடன் சேர்ந்து தாமே நீராட்டிப் பேணியதையும், தம்மைப் பேண விரும்புவோர் நோயுற்றோரைப் பேணட்டும் என்று அறிவுறுத்தியதையும் விநய பிடகம் பதிவுசெய்துள்ளது. நோயாளியைப் பேணுதலை இவ்வளவு உயர்வாக வைத்த மரபே, நோயைச் சொல்லும் உரிமையை நோயாளியிடமே விட்டுவைத்தது.

ஆகவே உடனிருப்பவர் பேசும் உரிமை வழிவந்த உரிமையே ஆகும். நோயுற்றவரின் சொல்லும் வல்லமை எங்கே தளர்கிறதோ அங்கே அது தொடங்குகிறது. அந்த வல்லமை எவ்வளவு தளர்ந்துள்ளதோ அவ்வளவுக்கே அது செல்லுபடியாகும். வல்லமை மீளும்போது அதுவும் பின்வாங்க வேண்டும். பிள்ளை என்ற உறவு இந்தப் பணிக்கு ஒருவரை அழைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த உறவு மட்டுமே பெற்றவரின் உடல்மீது ஆட்சியுரிமை எதையும் தந்துவிடுவதில்லை.

சொல்லப்படாத வலியைச் சொல்லவைத்தல்

முதியோரின் சொல்லும் வல்லமை தளர்வதற்குக் காரணங்கள் பல. செவித்திறன் குறைந்தவர், மருத்துவர் விரைந்து கூறுவதைப் பாதி கேட்டும் பாதி கேளாமலும் தலையசைத்துவிடுகிறார். படித்த மருத்துவர் முன் தம் வலியைச் சொல்வது மிகையாகிவிடுமோ என்று கூசுபவர், நலமாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறார். பிள்ளைகளுக்கு மேலும் பாரமாகிவிடக் கூடாது என்று எண்ணுபவர், வலியையே மறைத்துவிடுகிறார். இவற்றோடு, முதியவர் எதைச் சொன்னாலும் அது வயதின் இயல்பே என்று ஒதுக்கிவிடும் பழக்கம் மருத்துவமனையிலும் வீட்டிலும் வேரூன்றியிருக்கிறது. புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் கூடி, இரவிலும் உறங்கவிடாத முதுகுவலி மூட்டுத் தேய்மானத்தால் வந்திருக்கலாம். மார்பகத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு, அது எலும்புக்கு நோய் பரவியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். பரிசோதிக்காமலே வயதின்மேல் பழியைப் போடுவது முதியவரின் சொல்லுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். இத்தகைய அநீதிக்கு எதிராக, அந்த வலி முன்பு இருந்த வலியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது என்பதை மருத்துவர் கேட்டறியும்வரை வலியுறுத்துவது பிள்ளைகளின் தலையாய கடமை. பெற்றவரின் நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு, 3 மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் அவரைக் காணும் மருத்துவரைவிட, உடன் வாழ்பவருக்கே அதிகம்.

இந்தக் கடமைக்கு அன்பு மட்டும் போதாது என்பதால்தான் பழைய உரைகாரர்கள் அறிவையும் அதனுடன் சேர்த்துக் கூறினர். ஆக்சாலிபிளாட்டின், பாக்லிடாக்செல் ஆகிய மருந்துகள் கை கால் நரம்புகளைப் பாதித்து, சிகிச்சை முடிந்த பின்னும் நெடுநாள் மரமரப்பை விட்டுச்செல்லக்கூடும். முதியவர் தடுமாறி விழுவதற்கு அது காரணமாகலாம். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் ஆகியவை இதயத்தின் வலிமையைக் குறைக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பெற்றவருக்கு மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ தோன்றினால் எக்கோ பரிசோதனை பற்றிக் கேட்பது முறை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதால் டெக்சா ஸ்கேன் எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவைப்படுகிறது. டாமாக்சிஃபென் உட்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டால், அது கருப்பையின் உட்சுவரில் தோன்றக்கூடிய புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மகன் அருகில் அமர்ந்திருக்கும்போது முதிய தாய் இதைச் சொல்லத் தயங்குவார் என்பதும், மகளோ மருமகளோ உடனிருந்தாலோ மருத்துவருடன் தனியே பேச வாய்ப்பளித்தாலோ அவர் சொல்லக்கூடும் என்பதும் உடனிருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியவை. சில மனச்சோர்வு மருந்துகள், குறிப்பாகப் பராக்சிடின், டாமாக்சிஃபெனின் பயனைக் குறைக்கக்கூடும்; நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வெவ்வேறு மருத்துவர்கள் தரும் மருந்துகளையும், வீட்டில் உட்கொள்ளும் சித்த மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது எளிய செயலாயினும் அதன் பயன் பெரிது. மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிமுறை என்பதால், அவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவும் அறிந்த மகனோ மகளோ, அறிந்ததனாலேயே பெற்றவரை முந்திக்கொண்டு விடையளித்துவிடும் இடர் உண்டு. மருத்துவர் கேட்கும் கேள்விக்கு முதலில் பெற்றவரே விடை கூறட்டும் என்று காத்திருப்பதும், அவர் விட்டுவிட்டதை அவருடைய இசைவுடன் சேர்த்துச் சொல்வதும், மருத்துவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துப் பேசினால் அவரைப் பெற்றவரின் பக்கம் திருப்புவதும் சிறு ஒழுக்கங்களாகத் தோன்றினாலும், மேற்கூறிய அறம் முழுவதும் நடைமுறையில் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

அன்பினால் மறைத்தல்

தமிழ்க் குடும்பங்களில் ஆழ வேரூன்றிய வழக்கம் ஒன்று, நோயின் பெயரைப் பெற்றவரிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது. தணிவுக் காலத்தில் இதே வழக்கம் வேறு வடிவம் கொள்கிறது: நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று தாயிடம் சொல்லப்படுகிறது, கண்காணிப்புப் பரிசோதனைகள் சர்க்கரைக்கான பரிசோதனைகளாகக் காட்டப்படுகின்றன, சி.இ.ஏ. அளவு சற்றே கூடியிருந்தால் அது பிள்ளைகளுக்குள் மட்டும் பேசப்படுகிறது. இதன் பின்னால் இருப்பது உண்மையான அன்பு என்பதில் ஐயமில்லை. அச்சம் முதியவரின் எஞ்சிய நாள்களை விழுங்கிவிடும், மனம் தளர்ந்தால் உடலும் தளரும் என்னும் கருத்தைப் பொருளற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தீமை பயக்காத சொல்லே வாய்மை என்று கொண்டு, குற்றமற்ற நன்மையைத் தரும் பொய்க்கும் வாய்மையின் இடத்தை அளித்த திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைச் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டவும் கூடும்.

அக்குறள் விதிக்கும் நிபந்தனை கடுமையானது: விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். மறைக்கப்பட்ட உண்மையினால், எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும் என்பதை முதியவர் அறியாமல் போகிறார். மாத்திரையை ஏன் 5 ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும் என்பது தெரியாததால் இடையிலே நிறுத்திவிடுகிறார். வீட்டில் எல்லாருடைய முகமும் மாறியிருப்பதைக் கண்டும் காரணம் கேட்க இயலாமல் தம் அச்சத்தைத் தனியே சுமக்கிறார். நோய் மீண்டால், யாரைச் சந்திக்க வேண்டும், எதைப் பகிர்ந்தளிக்க வேண்டும், எந்தக் கோயிலுக்குச் செல்ல வேண்டும் என்று தாமே முடிவுசெய்யும் காலத்தையும் இழக்கிறார். இவ்வளவு இழப்பை உண்டாக்கும் மறைப்பைக் குற்றமற்றது என்று கொள்ள இயலாது. சட்டமும் இத்திசையிலேயே நிற்கிறது. 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம், மயக்க மருந்தின் கீழ் இருந்த வயதுவந்த பெண் ஒருவருக்குப் பதிலாக அவருடைய தாய் அளித்த இசைவைச் செல்லாதது என்று கொண்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தாமே முடிவெடுக்கும் தகுதியுள்ளவரின் இசைவுக்கு உறவினரின் இசைவு ஈடாகாது என்பது அதன் கருத்து. ஒரு தாய் தன் மகளுக்காக அளிக்க இயலாத இசைவை, ஒரு மகன் தன் தாய்க்காக அளிக்க இயலும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இதனால் உண்மை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பது பொருளாகாது. எவ்வளவு அறிய விரும்புகிறார், எப்போது, யார் வாயிலாக அறிய விரும்புகிறார் என்று பெற்றவரிடமே கேட்பதுதான் நேர்மையான வழி. எல்லாவற்றையும் மகளிடமே சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்று தாய் தெளிவாகக் கூறினால், அதுவும் அவருடைய முடிவே. அதை மதிப்பது அவருடைய தன்னுரிமையை மதிப்பதாகும். கேளாமலே அந்த முடிவை அவருக்காக எடுத்துவிடுவதுதான் பிழை.

திலகவதியாரின் வழி

பேணுபவரின் பேச்சு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் வரும் திருநாவுக்கரசர் வரலாறு நுட்பமாக உணர்த்துகிறது. சமணம் சார்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்றிருந்த தம்பியை மீட்டருளுமாறு, அவர் தம்முன் இல்லாத காலத்தில், தமக்கை திலகவதியார் திருவதிகை இறைவனிடம் முறையிடுகிறார். தம்பி சூலை நோயால் வருந்தி, சமண முனிவர்களாலும் அது தீராதபோது, சமையற்காரர் வாயிலாகத் தமக்கைக்குச் செய்தி அனுப்புகிறார். அவரோ தாம் அங்கே வர இயலாது என்று மறுத்துவிடுகிறார். தம்பி இரவில் நடந்து திருவதிகை சேர்ந்து அடிபணிந்ததும், ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, விடியலுக்கு முன் கோயிலைத் துப்புரவு செய்யச் செல்லும் தம்முடன் அவரையும் அழைத்துச் செல்கிறார். அங்கே இறைவன் முன் தம் வலியைப் பதிகமாகப் பாடியவர் தம்பியே. தமக்கை அவருக்காகப் பாடவில்லை.

இந்நிகழ்ச்சியில் மூன்று செயல்கள் உள்ளன. தம்பி தம் நிலையைத் தாமே உணராதிருந்தபோது தமக்கை அவருக்காக முறையிட்டார். தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத இடத்தில் எல்லை வகுத்தார். தம்பியால் தாமே பேச முடிந்த வேளையில் அவரை வாயில்வரை அழைத்துச் சென்று பேச்சை அவரிடமே விட்டார். நோயை இறைவனின் தண்டனையாகவோ அழைப்பாகவோ கொள்ளும் கருத்து அந்தப் புராணத்தின் சமயச் சூழலுக்கு உரியது. புற்றுநோயாளியின்மீது அதை ஏற்றிக் கூறுவது அறியாமையும் கொடுமையுமாகும். ஆனால் பேணுபவரின் பங்கு பற்றிய அந்த அமைப்பு, சமய எல்லைகளைக் கடந்து ஏற்கத்தக்கது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம், முதிய தந்தையின் அறிவாற்றல் குறைந்தாலும் அவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இகழ்தல் கூடாது என்று மகனுக்கு அறிவுறுத்துவதும், திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சொல்லும் கூறாமல் கண்ணியமாகப் பேசுமாறு பணிப்பதும், பேணுதலோடு மதிப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற அதே தெளிவையே காட்டுகின்றன.

ஊழும் முயற்சியும்

தணிவுக் காலத்தின் கடினமான தருணம், முதியவர் இனிப் போதும் என்று சொல்வது. இனி ஸ்கேன் வேண்டாம், நோய் மீண்டாலும் கீமோதெரபி வேண்டாம், விதித்தபடி நடக்கட்டும் என்று தந்தை கூறும்போது, அதைச் சோர்வாகக் கொண்டு எதிர்ப்பதா, முதிர்ந்த முடிவாகக் கொண்டு ஏற்பதா என்று பிள்ளைகள் தடுமாறுகின்றனர். திருக்குறள் ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் உரைத்து, தளராது முயல்வோர் ஊழையும் பின்னிடச் செய்வர் என்று 62ஆம் அதிகாரமான ஆள்வினை உடைமையில் கூறுகிறது. இவ்விரண்டையும் முரணாகக் கொள்ள வேண்டியதில்லை. முயன்று பாராமல் ஊழைச் சொல்வது சோம்பலாகவும், முயற்சியின் எல்லையை அறிந்த பின் ஊழை ஏற்பது அறிவாகவும் கொள்ளப்பட்டால் இரண்டும் ஒரே வாழ்வுக்குள் பொருந்திவிடுகின்றன.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஆராய்ச்சி தேவை. மனச்சோர்வு, தீராத வலி, தூக்கமின்மை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை வாழ்வின் மீதான விருப்பையே மங்கச் செய்யக்கூடியவை. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே போதும் என்ற சொல்லை ஏற்பதற்கு முன், அதைச் சொல்லவைப்பது தீர்க்கக்கூடிய துன்பமா என்று மருத்துவரைக் கொண்டு ஆராய வேண்டும். பல வேளைகளில் அச்சொல்லுக்குள் குறிப்பான ஒரு குறை ஒளிந்திருக்கும். லெட்ரோசோல் தரும் மூட்டுவலியால் தரையில் அமர்ந்து பூசை செய்ய இயலாத தாய், மாத்திரையே வேண்டாம் என்று சொல்லக்கூடும். அவருடைய குறையை மருத்துவர் விடையளிக்கக்கூடிய கேள்வியாக மாற்றி, வேறு மருந்துக்கு மாற இயலுமா, வலியைக் குறைக்க வழி உண்டா, மாத்திரையை நிறுத்தினால் நோய் மீளும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்று கேட்பதே உடனிருப்பவர் செய்யக்கூடிய சிறந்த உதவி. நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செயற்படுமாறு மருத்துவரைத் திருக்குறள் பணிக்கிறது. 65 வயதைக் கடந்தவருக்குக் கீமோதெரபி தருவதற்கு முன் நடை, உணவு, நினைவாற்றல், மனநிலை, பிற நோய்கள் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2018இல் வகுத்த வழிகாட்டுதலும் அதே நெறியில் அமைந்தது. அத்தகைய மதிப்பீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை முதியவருக்கு உண்டு.

இவற்றுக்கெல்லாம் பின்னரும், தெளிந்த மனத்துடன் தந்தை போதும் என்றால், அச்சொல்லை மருத்துவமனைக்குள் கொண்டு செல்வதும் பிள்ளைகளின் கடமையே. அப்போது அவர்கள் தம் விருப்பத்துக்கு எதிராகவும் வாதாட வேண்டியிருக்கும். மேலும் சிகிச்சையைக் கேட்டுப் போராடும் அதே உறுதியுடன், வேண்டாத சிகிச்சையிலிருந்து பெற்றவரைக் காப்பதற்கும் நிற்பவரே அவருடைய உண்மையான துணை. மீளும் வாய்ப்பற்ற நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மனம் தெளிந்தும் உடல் ஓரளவு தேறியும் இருக்கும் தணிவுக் காலமே அத்தகைய உரையாடலுக்கு உகந்தது; நோய் மீண்ட பின், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அந்த உரையாடலைத் தொடங்குவது முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கப்படும் தீங்காகும்.

கடனும் அதன் பங்கீடும்

பெற்றோர்க்குப் பட்ட கடனைத் தீர்க்கவே முடியாது என்ற உணர்வு தமிழ் மனத்தில் ஆழப் பதிந்தது. எல்லாச் சிகிச்சையும் செய்தோம் என்ற நிறைவை நாடும் பிள்ளைகளின் வேகத்துக்கும் அதுவே காரணம். ஆனால் பெற்றவரின் ஆயுளை நீட்டும் முயற்சி, பிள்ளையின் மனத்தை ஆற்றுவதற்கான வழியாக மாறும்போது, அக்கடனைப் பெற்றவரே மீண்டும் தம் உடலால் செலுத்த நேர்கிறது. செய்ந்நன்றிக்குக் கைம்மாறு செலுத்தப்பட வேண்டிய அளவை, உதவி பெற்றவரின் குற்றவுணர்வு வகுக்கலாகாது. உதவி செய்தவரின் நலனே அதை வகுக்க வேண்டும்.

இக்கடன் குடும்பத்துக்குள் எவ்வாறு பகிரப்படுகிறது என்பதும் அறத்தின் பகுதியே. மருத்துவரிடம் பேசும் சிறப்பு மகனுக்கும், இரவில் கண்விழித்து, உணவைப் பக்குவம் பார்த்து, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கும் உழைப்பு மகளுக்கோ மருமகளுக்கோ உரியதாகிவிடும் வீடுகளில், நோயாளியை உள்ளபடி அறிந்தவரின் சொல் ஆலோசனை அறையை எட்டாமலே போகிறது. அயல்நாட்டில் வாழும் பிள்ளை பரிசோதனை முடிவுகளை மட்டும் படித்துவிட்டுத் தொலைபேசியில் தீர்ப்பு வழங்குவதும் இதே குறையின் வேறொரு வடிவம். உழைப்பவரின் அறிவுக்கு முன்னுரிமை தருவதும், அவர் தளராதபடி உழைப்பைப் பகிர்ந்துகொள்வதும் பெற்றவருக்குச் செய்யும் தொண்டின் பகுதிகளே.

மேலும் உடனிருப்பவர் எவரும் இல்லாத முதியோரும் உண்டு. மருத்துவத்தின் நான்காம் உறுப்பு இன்றியமையாதது என்றால், பிள்ளைகள் இல்லாதவருக்கும், பிள்ளைகளால் கைவிடப்பட்டவருக்கும் அதை அளிப்பது யாருடைய கடமை என்ற கேள்வி எழுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசையும் இயன்றவரை படுக்கையும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் வரிசையில் முன்னே நிற்பவருக்கும் தம் சொல்லைக் கேட்பித்துத் தருபவர் ஒருவர் தேவைப்படுகிறார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அந்த இழப்பைத் தம் குடும்பத்தின் துயரமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்படுவதற்குக் காரணமானார். உறவினருக்காகப் பேசத் தொடங்கிய குரல் உறவில்லாதவருக்காகவும் பேசும் நிலையை எய்தக்கூடும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று. தம் பெற்றோரின் மருத்துவத்துக்காகக் கேள்வி கேட்கவும், ஆவணங்களைப் படிக்கவும், மருத்துவரின் விரைவைச் சற்றே நிறுத்தவும் பழகிய மகனும் மகளும் அந்தப் பழக்கத்தை அடுத்த இருக்கையில் தனியே அமர்ந்திருக்கும் முதியவருக்கும் பயன்படுத்தினால், குடும்பக் கடமையாகத் தொடங்கியது பொது அறமாக விரியும். தன் உடலைப் பற்றிய பேச்சில் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் தன்னுடையனவாகவே இருப்பதற்கு ஒவ்வொரு முதியவருக்கும் உரிமை உண்டு. அவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கத் துணைவருவதே உடனிருப்போரின் அறம்.